உப்பளத்து வீட்டின் மூன்றாவது கேள்வி

கடல் தண்ணீர் இன்றைக்கு இருக்கும் அளவுக்குக் கரிக்காத காலம் அது. அந்தக் காலத்தில் கழிமுனை என்றொரு சிறிய நாடு இருந்தது. அதைச் செங்கோடன் என்ற ராசா ஆண்டு வந்தார். நல்ல ராசாதான். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வழக்கு என்று யார் வந்து நின்றாலும், பாதி கேட்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மீதிப் பாதியையும் கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. என்ன செய்ய, ராசாவிடம் போய் யார் சொல்வது?

பின்வரிசையில் பேச்சை நிறுத்துங்கள். நான் ஒரு தடவைதான் சொல்வேன்.

கழிமுனையின் கடற்கரையில் ஓர் உப்பளம். உப்பளத்தைப் பார்த்தபடி ஒரு வீடு. அந்த வீட்டில் கொற்றி என்ற பெண்ணும் அவள் புருஷன் சேந்தனும் குடியிருந்தார்கள். முன்பெல்லாம் இருவரும் சேர்ந்துதான் உப்பு வாருவார்கள். ஒரு நாள் ஓலை வெட்டப் பனை ஏறிய சேந்தன் பிடி நழுவி விழுந்தான். இடுப்பு ஒடிந்தது. வைத்தியர் வந்தார், கட்டுப் போட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் சேந்தன். அவன் கை ஓலை முடையும். கண் உப்பளத்தைப் பார்க்கும். வாய் என்ன செய்யும் என்கிறீர்களா? அந்த வாயால் வந்த வினைதான் இவ்வளவும்.

உப்பு வேலை தெரியாதவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் கேட்டு உயிரை வாங்காதீர்கள். மடையைத் திறந்தால் கடல் தண்ணீர் பாத்திக்குள் வரும். பாத்தி நிறைந்ததும் மடையை அடைக்க வேண்டும். வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பு அடியில் தங்கும். அந்த உப்பை வாரிக் கரைமேல் குவித்து, மழை படாமல் ஓலைத் தட்டியால் மூட வேண்டும். மடை அடைக்க மறந்தால் பாத்தியில் விளைந்த உப்பைக் கடல் கொண்டு போகும். ஓலை மூட மறந்தால் குவித்த உப்பை மழை கொண்டு போகும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது, செய்கிறவளுக்கு முதுகு ஒடிந்துவிடும்.

கொற்றி விடியுமுன் உப்பளத்துக்குப் போவாள். உச்சி வெயிலில் வருவாள், மறுபடி போவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவாள். வாசலில் அவள் கால் வைத்ததும் கட்டிலிலிருந்து கேள்வி வரும்.

"மடை அடைச்சியா?"

"அடைச்சேன்."

"ஓலை மூடினியா?"

"மூடினேன்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

தினமும் இதே. காலையில் இதே, உச்சியில் இதே, மாலையில் இதே. தைப்பொங்கலன்றும் இதே. அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த அன்றும், படுக்கையைப் பார்த்து இதே.

முதலில் கொற்றி சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு பதில் சொல்லாமல் பானையை ணங்கென்று வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பதில் வராவிட்டால் அந்த மனுஷன் கேள்வியை முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

கிணற்றடியில் பெண்கள், கொற்றியைக் கண்டாலே, மடை அடைச்சாச்சா என்று கேலி செய்தார்கள். தெருவில் விளையாடுகிற வாண்டுகள்கூட சேந்தன் குரலிலேயே, ஓலை மூடினியா என்று கேட்டுவிட்டு ஓடின. அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இடுப்பு ஒடியுமட்டும் வேலையும் செய்வேன், வந்து ஆளாளுக்குக் கணக்கும் ஒப்பிக்க வேண்டுமா என்று குடத்தைப் போட்டுவிட்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள். நியாயமாகப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் உப்பை அள்ளி அவர் வாயில் போட்டிருப்பேன்.

ராசா செங்கோடனுக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. முத்திரை வைத்தீர்களா என்று ஒரு மந்திரி, எல்லைக்கு ஆள் அனுப்பினீர்களா என்று ஒரு மந்திரி, யானைக்கு வைத்தியம் சொன்னீர்களா என்று ஒரு மந்திரி, இப்படி மாறி மாறிக் கேட்டு அவர் மண்டையை உடைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொற்றி வந்து, புருஷன் கேள்வி கேட்டே கொல்கிறான் என்றாள். ராசாவுக்குத் தன் கதையையே யாரோ சொல்வதுபோல் இருந்தது. என்ன கேள்வி என்றாவது கேட்கலாம் அல்லவா? கேட்கவில்லை. கையை ஓங்கித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்த வெயில் காலம் முடியும்வரை சேந்தன் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, நகரத்துத் தர்மசாலையில்தான் இனி அவனுக்குச் சோறும் படுக்கையும். இதைக் கவனிக்கத் தலையாரி மாடன் அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் ஆணை.

தர்மசாலை என்றதும் கொற்றிக்குக் கொஞ்சம் உறுத்தியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு கேடும் இல்லையே, அதுகூடவா முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

தலையாரி மாடன் சேந்தனிடம் ஆணையைப் படித்தான். சேந்தன் கொற்றியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஓலையை எடுத்து முடைய ஆரம்பித்தான்.

ஆகா, எப்பேர்ப்பட்ட நிம்மதி! கொற்றி வந்தாள், கேள்வி இல்லை. போனாள், கேள்வி இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள், படுத்ததும் தூங்கினாள். கிணற்றடியில் பெண்கள் பொறாமையோடு பார்த்தார்கள். இரண்டொருத்தி, ராசாவைப் பார்க்க எந்த நேரம் தோது என்றுகூட விசாரித்தார்கள்.

அப்புறம் பௌர்ணமி வந்தது.

அன்று மாலை கொற்றி மடையைத் திறந்து தண்ணீர் விட்டாள். நடுவில் வரப்பு ஒன்று உடைய, அதைச் சரிசெய்யப் போனாள். சரிசெய்துவிட்டுக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கால் வைத்தாள். மற்ற நாளாக இருந்தால், மடை அடைச்சியா என்ற கேள்வி அங்கேதான் அவளைப் பிடித்திருக்கும். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடியிருப்பாள். அப்படி அவள் திரும்பி ஓடிய நாட்கள் எத்தனையோ உண்டு, அதையெல்லாம் அவள் கிணற்றடியில் சொன்னதே இல்லை. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. உண்டாள், படுத்தாள். பௌர்ணமிக் கடல் பொங்கித் திறந்த மடை வழியே புகுந்து, விளைந்திருந்த பாத்தியெல்லாம் கரைத்துவிட்டுப் போனது.

காலையில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சேந்தன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறக்கவில்லை. அவளுக்கோ யார்மேல் என்று தெரியாத கோபம்.

போனது போகட்டும், கரைமேல் குவித்த உப்பு இருக்கிறதே என்று நினைத்தாள். அந்தக் குவியல்தான் அந்த வீட்டுக்கு அடுத்த வெயில்வரை அரிசி, எண்ணெய், துணி எல்லாம். அதன்மேல் புதிதாக வாரிய உப்பைக் கொட்டுவதற்காக ஒரு நாள் ஓலைத் தட்டியை விலக்கினாள். விலக்கியவள் மூடவில்லை. பாத்திகளை மறுபடி சீராக்கும் அவசரத்தில் உப்பளத்தின் கோடிக்குப் போய்விட்டாள்.

சேந்தன் வானத்தைப் பார்த்தான். கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. ஒரு கூப்பாடு போட்டால் போதும், கொற்றிக்குக் கேட்கும். ஆனால் பக்கத்திலேயே தலையாரி உட்கார்ந்திருக்கிறானே. உப்பு போனால் அடுத்த வெயிலில் விளையும், நான் இங்கிருந்து போய்விட்டால் இவளுக்கு ஓலை முடைந்து கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? முடைந்து வைத்திருந்த தட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, தவழ்ந்து போக ஆரம்பித்தான். மாடன் பதறிப்போய்த் தூக்க வந்தான். சேந்தன் குவியலைக் காட்டினான். மாடனும் மண்டு அல்ல, தட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காற்று தட்டியைத் தூக்கி எறிந்தது.

கொற்றி ஓடி வந்து பார்த்தபோது பாதிக் குவியல் ஓடிப்போயிருந்தது. புருஷன் நடுவழியில் சேற்றில் கிடந்தான். ஏன் இப்படி வந்து கிடக்கிறீர்கள் என்று கத்தினாள். அவன் பதில் சொல்ல முடியாமல் அவள் முகத்தையே பார்த்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் துவட்டிக் கட்டிலில் போட்டாள். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால்தான் ஆணை இருக்கிறதே!

இழந்ததைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்துவிட்டது. உச்சி வெயிலிலும் வீடு திரும்பாமல் வாரினாள். காலையில் கஞ்சி காய்ச்சுவாள், புருஷனுக்கும் தலையாரிக்கும் ஊற்றி வைப்பாள், தன் பங்கைப் பானையில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூடிமேல் ஒரு வெங்காயம் வைப்பது அவள் வழக்கம். கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தப் பானை நேராகத் தெரியும். மாலையில் அவள் வந்து படுத்துவிட்ட பிறகும் வெங்காயம் வைத்த இடத்திலேயே இருக்கும். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

சேந்தன் தன் கைக்கம்பால் பானையை அவள் கால்பக்கம் தள்ளி வைத்துப் பார்த்தான். அவள் அதைத் தாண்டிப் போனாள். கம்பால் பானையைத் தட்டிப் பார்த்தான். தூங்க விடமாட்டீர்களா என்று அவள் திரும்பிப் படுத்தாள். மாடனிடம் சாடை காட்டினான். மாடன், உங்களுக்கு உப்பளத்துச் சண்டை, எனக்கு ராசா வேலை, என்னை இழுக்காதீங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று மாலை கொற்றி வந்தாள். வந்தாள் என்று சொல்கிறேன், வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. கால் ஒரு பக்கம் போகிறது, உடம்பு ஒரு பக்கம் போகிறது. உதடு வெடித்திருக்கிறது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதிப் பாத்திக்கு மடை அடைக்கவில்லை, மிச்ச உப்புக்கு ஓலை மூடவில்லை. சேந்தன் இரண்டையும் பார்த்தான், இரண்டையும் விட்டுவிட்டான். மூன்றாவதை அவனால் விட முடியவில்லை.

"கொற்றி, சாப்பிட்டியா?"

தெருவுக்கே கேட்கும்படி கேட்டான். எத்தனை நாள் அடக்கி வைத்த குரல்!

கொற்றி அப்படியே நின்றாள். யோசித்தாள். நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு நிலையோடு சரிந்து உட்கார்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். சேந்தன் பானையைக் கம்பால் தள்ளினான். அவள் மூடியைத் திறந்து, பானையை அப்படியே வாயில் வைத்துக் குடித்தாள். பாதிப் பானை குடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தலையாரி மாடன் எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"காதுல விழலைன்னு சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். இப்படிக் கத்தித் தொலைச்சுட்டாரே, எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் எட்டிப் பார்க்குது. நான் என்ன பண்ணட்டும், தாயீ?"

கொற்றி கெஞ்சினாள், சண்டை போட்டாள், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். ராசா ஆணை ராசா ஆணைதான். சேந்தனை மாட்டு வண்டியில் ஏற்றி நகரத்துத் தர்மசாலைக்குக் கொண்டு போனார்கள். போகும்போதும் அந்த மனுஷன் பானையைத்தான் கைகாட்டினான், மிச்சத்தையும் குடி என்று.

வாசலில் கட்டில் காலியாகக் கிடந்தது. கொற்றி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பொழுது விடிந்ததும், கேட்டு வாங்கிய ஆணையைத் திருப்பிக் கொடுக்க அரண்மனைக்கு ஓடினாள்.

ராசாவுக்கு அவளைக் கண்டதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அது நியாயம்தான். புருஷன் கேட்கிறான் என்று முதலில் வந்தாய், கேட்டதற்காக அவனை அனுப்பினால் அதற்கும் வருகிறாய், நான் நாட்டை ஆளுவதா இல்லை உன் வீட்டு வாசலை ஆளுவதா என்று சிங்காதனத்தைத் தட்டினார். பக்கத்தில் இருந்த ராணி மெதுவாக, அவன் என்ன கேட்டான் என்பதை இந்த முறையாவது விசாரிக்கலாமே என்றாள். ராசா பெருமூச்சு விட்டு, என்ன கேள்வி என்றார், கொற்றி மூன்றையும் சொன்னாள். சரி, ஒரு சோதனை வைக்கிறேன் என்றார்.

"அவன் தினமும் மூணு கேள்வி கேட்டானாம். அந்த மூணில் நீயாகவே கேட்டுக்கொள்ள முடியாத கேள்வி எது? சரியாகச் சொன்னால் ஆணையை எடுத்துவிடுகிறேன். தவறினால் அவன் தர்மசாலையில்தான் கிடப்பான்."

சபையில் பலரும் மடைதான் என்றார்கள், கடல் பொங்குவதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும். இல்லை, ஓலைதான் என்றார்கள் வேறு சிலர், குனிந்து வேலை செய்கிறவளுக்கு வானம் எப்படித் தெரியும். கொற்றி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மடையை நான் அடைச்சுக்குவேன் ராசா. ஒரு தடவை கடல் கொண்டு போச்சுன்னா மறு தடவை ஞாபகம் இருக்கும். உப்பையும் மூடிக்குவேன். சாப்பிட்டியான்னு என்னை நானே கேட்டுக்க எனக்கு வராது. எனக்கு இருக்கிற வேலையில என்னை நான் மறந்துபோயிடுறேன். என்னை மறக்காம ஞாபகம் வச்சிருந்தது அந்தக் கட்டில்ல கிடந்த மனுஷன் ஒருத்தர்தான். அவரைப் போய் நானே பிடிச்சுக் கொடுத்துட்டேன்."

ராசா தாடியைத் தடவினார்.

"எனக்கு ஆயிரம் சமையல்காரர்கள். ஒருவனாவது இப்படி என்னைக் கேட்டதுண்டா?" என்றார்.

"நான் தினமும் கேட்கிறேன். நீங்கள்தான் பதில் சொல்வதில்லை" என்றாள் ராணி.

ராசா இருமிக்கொண்டார். வேறென்ன செய்வார்? ஆணையை அப்போதே எடுத்தார். சேந்தனை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு விடச் சொன்னார். தலையாரி மாடனுக்கும் வேலை விட்டது, அவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டான். அன்று மதியம் ராணி கேட்ட கேள்விக்கு ராசா வாயைத் திறந்து பதில் சொன்னாராம்.

சேந்தன் வீட்டுக்கு வந்தான். கட்டிலில் படுத்தான். கொற்றி உப்பளத்துக்குப் போனாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து, வாசலில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றாள். கேள்வி வரவில்லை. பட்ட பாட்டில் அவன் வாய் பயந்துபோய்க் கிடந்தது. அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

அவன் தயங்கித் தயங்கி, மடை அடைச்சியா என்றான். அடைத்தேன் என்றாள். ஓலை மூடினியா என்றான். மூடினேன் என்றாள். சாப்பிட்டியா என்றான்.

"இல்லை. நீங்க சாப்பிட்டீங்களா?"

கேட்டே பழகிய மனுஷன், அவனிடம் அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. இல்லை என்று தலையை ஆட்டினான், அவ்வளவுதான் முடிந்தது. கொற்றி பானையை எடுத்து வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் ஊற்றினாள்.

இதற்குப் பிறகு அவளுக்கு எரிச்சலே வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். மறுநாளே வந்தது. அடுப்பில் கஞ்சி பொங்கும் நேரத்தில் மடையைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் வராது? ஆனால் முணுமுணுத்துக்கொண்டேனும் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, திருப்பி ஒன்று கேட்டாள்.

கதை இத்தோடு சரி, எழுந்து வீட்டுக்குப் போங்கள். வாசலில் யாராவது, ஏன் இவ்வளவு நேரம், எங்கே போனாய், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் இத்தனை நேரம் தொண்டை வற்றக் கத்தியதற்கு அந்த ஒரு கூலி போதும்.

வீட்டில் நம்மைத் தினமும் கேள்வி கேட்டுத் தொல்லை செய்கிற குரல், நம்மை மறக்காத குரல் என்று அறிந்து, அது இருக்கும்போதே அதற்கு நன்றியோடு பதில் சொல்ல வேண்டும்.